பெயர்கள் புணரும்போது

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மேடையில் பீர் ஆலைகளின் இணைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் புன்முறுவல் பூக்கிறீர்கள். குடியைப் போற்றவோ தூற்றவோ நான் வரவில்லை. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்து எழுதுபவர்கள் நாம். ஆலைகளின் பெயர்ப்பலகைகள் மாறுவதைக் காண்கிறோம். அம்மாற்றத்தின் பொருளையும் அறிந்திருத்தல் நம் கடன்.

இத்தொழில் நம் இலக்கியத்துக்கு அயலானதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளை மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு நறும்பிழி எடுக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறது. தானியத்தை முளைகட்டி நொதிக்கவைக்கும் இன்றைய பீர் ஆலையின் அடிப்படையும் அதுவே. அன்று சாடிக்கு உரியவர் சாடியின் அருகிலேயே இருந்தார். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி.

இரு சொற்கள் சேர்வதை நம் இலக்கணம் புணர்ச்சி என்கிறது. மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு, மாறினால் விகாரம். அவ்விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். நிறுவனங்களின் சேர்க்கையையும் இந்நான்கில் அடக்கிக் காட்டலாம்.

முதலாவது தோன்றல். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், தென்னிந்தியாவில் தனித்தனியே இயங்கிய ஐந்து ஆலைகளைச் சேர்த்தார். யுனைடெட் ப்ரூவரீஸ் என்ற புதுப்பெயர் தோன்றியது. 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். மறு ஆண்டே தலைவருமானார்.

இரண்டாவது கெடுதல். இதற்குச் சான்று பிரிட்டன். அங்கே 1989இல் ஏகபோக ஆணையம் ஆராய்ந்தபோது, ஆறு பெரு நிறுவனங்களே நாட்டின் பீரில் ஏறத்தாழ முக்கால் பங்கை வடித்து வந்தன. பல்லாயிரம் மதுக்கடைகளையும் தம் பிடியில் வைத்திருந்தன. அப்பிடியைத் தளர்த்த அரசு ஆணை பிறப்பித்தது. விளைவு வேறாயிற்று. கடைகள் பலவும் பீர் வடிக்காத பெருங்குழுமங்களின் கைக்குப் போயின. ஆலைகள் மேலும் சிலர் கையில் குவிந்தன. கரேஜ் 1995இல் ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசிலுக்குள் கரைந்தது. பாஸ், விட்பிரெட் ஆகிய இரண்டும் 2000இல் தம் பீர்த் தொழிலைப் பெல்ஜியத்து இன்டர்ப்ரூவுக்கு விற்றன. தலைமுறைகள் கண்ட நிறுவனங்கள் மறைந்தன. சிலவற்றின் பெயர் புட்டியில் மட்டும் எஞ்சியது.

மூன்றாவது திரிதல். இதற்கு நம் மாவட்டமே சான்று. திருவள்ளூரை அடுத்த அரண்வாயலில் பாலாஜி டிஸ்டில்லரீஸுக்கு உரியதாயிருந்த பீர்ப் பிரிவு, சென்னை ப்ரூவரீஸ் எனத் திரிந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் யுனைடெட் ப்ரூவரீஸோடு கலந்தது.

நான்காவதாகிய இயல்பே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. பெங்களூர் நிறுவனத்தில் முன்னரே பெரும்பங்கு வாங்கியிருந்தது நான் சொன்ன அதே ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில். 2008இல் அதனை ஹைனெகெனும் கார்ல்ஸ்பெர்க்கும் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியப் பங்கு ஹைனெகெனிடம் போயிற்று. 2021இல் அந்நிறுவனம் பாதிக்கு மேற்பட்ட பங்கை அடைந்து, யுனைடெட் ப்ரூவரீஸைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை. புட்டியில் அதே மீன்கொத்தி. ஆனால் அரண்வாயலைப் பற்றிய இறுதி முடிவை எடுக்கும் இடம் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. காதுக்குக் கேட்காத இப்புணர்ச்சியே ஊரை அதிகம் மாற்றுகிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். விற்போர் சிலரானால் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது எளிதாகிறது. பீர் விலையைத் தமக்குள் கலந்து முடிவு செய்தன என்று, யுனைடெட் ப்ரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா முதலியவற்றுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் ஏறத்தாழ 873 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2022இல் அதை உறுதி செய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தமிழ்நாட்டில் வாங்குவோர் பக்கமும் ஒருவரே. 1983 முதல் மொத்த விற்பனையும், 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். பலராய் இருப்பவர் உழைப்போரும் குடிப்போருமே.

இன்னொன்றும் உண்டு. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வாற்கோதுமை வடநாட்டிலிருந்து வரலாம். முதல் எங்கிருந்தும் வரலாம். தண்ணீர் இம்மண்ணுடையது. 1944இல் கொசஸ்தலையாற்றில் பூண்டி நீர்த்தேக்கமும், 2020இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சென்னையின் தாகத்துக்காகத் திறக்கப்பட்ட மாவட்டம் இது. பங்குகள் கைமாறும் பத்திரத்தில் நிலத்தடி நீருக்குத் தனி வரி கிடையாது. இரவுப்பணி முடித்துப் பேருந்துக்கு நிற்பவருக்கும் கிடையாது.

அவ்வரியை எழுதவேண்டியவர்கள் கவிஞர்கள். ஆலைப்புகையைப் பாடினோம், சங்கொலியைப் பாடினோம். அவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. இனி, மாறாத பெயர்ப்பலகைக்குப் பின்னே மாறிய கையையும் பாடுவோம். அதற்குச் சினம் மட்டும் போதாது. எந்த ஆலை, எந்த ஆண்டு, எவர் கைக்கு என்ற செய்தியறிவும் வேண்டும். சொற்புணர்ச்சியைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய நமக்கு இது அரிய வேலையன்று.