ஏரும் ஏடும் எல்லோர்க்கும்!

(ஓசூரில் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆலைச் சங்கொலி கேட்டதும் அணியணியாய்த் தொழிலாளர் கூடிடும் நகரம் இந்த ஓசூர். அதே காலைப் பொழுதில், உழவர் சந்தையிலே தக்காளிக் கூடையும் கொத்தமல்லிக் கட்டும் வந்து இறங்கிடும் நகரமும் இதுவேதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் உறவாடும் எல்லைச் சீமை!

இங்கு நின்று கேட்கிறேன்: பள்ளிப் பிள்ளைகளுக்கு உழவைக் கற்றுத் தரலாமா? அதற்குத் தொண்டர்களாய் நாம் முன் செல்லலாமா?

கேட்டவுடன் உங்களில் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளிக்கத்தான் வேண்டும்! 1953ஐ மறந்தவர்களா நாம்? இதோ, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே 1878இல் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். அவர் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திட்டம் என்ன சொல்லிற்று? சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் அப்பன் தொழிலைப் பழகு! ‘குலக்கல்வி’ என்று கூறிக் கொதித்தெழுந்தது நாடு. 1954இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அன்று நாம் எதிர்த்தது ஏரையா? இல்லை! உழவன் மகன் கையிலே ஏரன்றி ஏடு இருத்தலாகாது என்ற விதியை எதிர்த்தோம். சிலர்க்கு மட்டும் விதிக்கப்பட்டால் உழவு ஒரு விலங்கு. எல்லோர்க்கும் அறிவாக வழங்கப்பட்டால் அதுவே ஆற்றல்! இரண்டுக்கும் இடையே நிற்பவர் யார்? பள்ளியிலே அந்தப் பணிக்கு வழிகாட்டும் தொண்டரே! அவர் நினைத்தால் மண்வெட்டி விலங்காகும். அவரே நினைத்தால் அது எழுதுகோலாகும்.

கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே 1902இல் கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு வேளாண் மன்றம் கண்டார். அத்தகைய மன்றங்கள் பெருகி ‘ஃபோர்-எச்’ என்னும் பேரியக்கமாயின. ஊதியம் பெறாத ஊர்மக்கள் அதற்கு வழிகாட்டினர். 1928இல் பள்ளி மாணவர்க்கென ‘எதிர்கால உழவர்’ அமைப்பும் எழுந்தது. போற்றத்தக்க பணிதான்! ஆனால், கறுப்பின மாணவர்க்கு அங்கே தனி அமைப்பு. இரண்டும் இணைந்தது 1965இல். பெண்பிள்ளைகளை முழு உறுப்பினராக ஏற்றதோ 1969இல்! விதையிலே நிறம் பார்க்காதவர், மாணவனிடத்திலே நிறம் பார்த்தனர். அமைப்பு நல்லது என்பதனாலேயே தலைமை நல்லதாகிவிடாது, தோழர்களே!

இந்த மாவட்டத்திலே கற்பிக்கப் பொருளா இல்லை? மத்திகிரியிலே 1824இல் அமைந்த கால்நடைப் பண்ணை உண்டு. பையூரிலே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1957இல் திறக்கப்பட்ட கிருட்டிணகிரி அணை உண்டு, மாந்தோப்பு உண்டு, ரோசாத் தோட்டம் உண்டு. கருநாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையருகே நுரை பொங்க வந்த காட்சியையும் கண்டோம். அந்த நீரை அளந்தறியக் கற்ற மாணவி நாளை ஆலையிலே பொறியாளராய் அமர்ந்திடும்போது, கழிவை ஆற்றிலே கலந்திட ஒப்புவாளா? உழவுக் கல்வி, உழவனை ஆக்குவதற்கு மட்டுமன்று. உழவனை அறிந்த பொறியாளனை ஆக்குவதற்கும்தான்!

பள்ளிகளிலே தேசியப் பசுமைப் படை என்னும் மாணவர் மன்றம் உண்டு. பெற்றோர் அமர்ந்திடும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வழியே தொண்டர்கள் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததையும் கண்டோம். எனவே, வாயில் திறந்திருக்கிறது. நுழையுமுன் நான்கு உறுதிகள் ஏற்றிடுவீர்!

ஒன்று: பாட வேளையிலே ஒரு நிமிடத்தையும் தோட்டத்திற்காகப் பறித்திடோம்.

இரண்டு: குப்பை சுமப்பவன் ஒருவன், குறிப்பெழுதுபவன் இன்னொருவன் என்ற பிரிவினை கூடாது. சாணம் அள்ளிய கையே மறுநாள் கணக்கெழுதட்டும்; கணக்கெழுதிய கை சாணம் அள்ளட்டும். முறை மாறாவிடில், சாதி சந்தடியின்றி உள்ளே புகுந்துவிடும்!

மூன்று: வழிகாட்டும் குழுவிலே நிலக்கிழார் மட்டும் அமர்தல் தகாது. நாற்று நடும் தாய்க்கும், ஆலைத் தொழிலாளிக்கும், ஆசிரியர்க்கும் அங்கே இருக்கை வேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளை தாய்மொழியிலே பயிரின் பெயரைச் சொன்னால், நகைத்திடோம், கற்றுக்கொள்வோம்.

நான்கு: இது கசக்கும், எனினும் கூறுகிறேன். பள்ளி வாயிலிலே கட்சித் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வீர்! ஒரு செடி நட்டு ஒன்பது படம் எடுக்கும் தொண்டு நமக்கு வேண்டாம். நட்டவன் பெயர் மறையட்டும். நட்ட செடி பிழைக்கட்டும்.

நாடக மேடையிலே உழவன் வேடம் பூண்டு, அட்டை ஏரைத் தோளில் சுமந்து, கைதட்டல் பெற்றவன் நான். அட்டை ஏர் ஒரு சாலும் உழுததில்லை! கைதட்டலால் கதிர் விளையாது.

ஏரை ஒரு சாராரிடமும், ஏட்டை மறு சாராரிடமும் பிரித்துக் கொடுத்தது பழைய பாதை. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நம் பாதை. வரும் வாரம் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைச் சென்று காணுங்கள். “என்ன செய்யவேண்டும், ஐயா?” என்று கேளுங்கள், கேட்டபின், பேசாமல் செய்யுங்கள்!