வில்லுத்தகட்டின் கண்ணும் தொழிலாளியின் உயிரும்

(ஊர்காவற்றுறையில் சாரதிகள், கராஜ் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், சேமலாப நிதியைப் பற்றிப் பேசுவார்கள். லொறியின் வில்லுத்தகட்டைப் பற்றிப் பேச ஒரு வாத்தியார் மலையிலிருந்து இறங்கி வர வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வர வேண்டும் தோழர்களே. எங்கள் தோட்டங்களில் பல இடங்களில் கொழுந்து ஏற்றுகிற லொறியிலும் ட்ரக்டர் பெட்டியிலும்தான் ஆட்களையும் ஏற்றுகிறார்கள். தூர மலைக்குப் பிரட்டு முடிந்து போகிற பெண்கள் முப்பது நாற்பது பேர் நின்றுகொண்டே போகிறார்கள். இங்கே நெடுந்தீவிலும் உழவு இயந்திரப் பெட்டியில் சனம் போவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அவ்வளவு பேருடைய பாரமும் கடைசியில் எதில் தங்கியிருக்கிறது? கட்டை விரல் பருமன் உள்ள சில பின்களில். அந்தப் பின் ஒழுங்காக இருந்தால் வீடு வந்து சேர்வோம். ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

இதைக் கதைக்க ஊர்காவற்றுறையைவிட நல்ல இடம் இல்லை. பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கடல். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற பாதையிலும் அப்படியே. சோளகக் காற்று தூக்கிவருகிற உப்புத் தூவானம் வண்டியின் அடியில் போய் ஒட்டுகிறது. நாங்கள் துரு என்று சொல்வதை நீங்கள் கறள் என்று சொல்கிறீர்கள். பெயர் வேறு, வேலை ஒன்று.

முதலில் அடிப்படையைச் சொல்கிறேன். இது வில்லு வண்டி காலத்துச் சங்கதி. மாட்டு வண்டியில் வில்லை வைத்துக் கட்டியபோது ஏறியவரின் முதுகு தப்பியது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804இல் குதிரை வண்டிக்கான வளைந்த வில்லுக்குக் காப்புரிமை எடுத்தார். இருநூறு வருடம் கடந்த பிறகும் லொறிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் அதே தத்துவம்தான் கிடக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகள், நடுவில் அச்சோடு பிணைக்கிற யூ-போல்ட், முதல் தகட்டின் இரண்டு முனையும் சுருட்டிய வளையம். அந்த வளையத்தைத்தான் கண் என்கிறோம். கண்ணுக்குள் புஷ். புஷ்ஷுக்குள் பின்.

இரண்டு முனையையும் சேசிஸோடு இறுக்கிப் பூட்டிவிட்டால் என்ன? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரியே காட்டுகிறேன். இது 30 சென்ரிமீற்றர் அடிமட்டம். நடுப்பகுதி 3 சென்ரிமீற்றர் உயரும்படி வளைத்துப் பிடிக்கிறேன். இப்போது முனைக்கு முனை 29 சென்ரிமீற்றரும் சொச்சமும்தான். நடுவை அழுத்தி நேராக்குகிறேன். பாருங்கள், என் கை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. முனைகள் 8 மில்லிமீற்றர் விலகிவிட்டன. லொறிக்கும் இதே கணக்குத்தான். 1 மீற்றர் 20 சென்ரிமீற்றர் நீளமான தகடு 12 சென்ரிமீற்றர் வளைவோடு இருந்தால், சுமை ஏறி அது நேராகும்போது கண்ணுக்குக் கண் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் கூடும். ஒவ்வொரு குழியிலும் வில்லு இப்படி நீண்டு சுருங்குகிறது.

அந்த 3 சென்ரிமீற்றருக்கு இடம் கொடுக்கிறதுதான் சக்கிள். ஒரு முனை பிரக்கெட்டில் நேரே பின்னோடு பூட்டப்பட்டிருக்கும். அது திரும்பும், நகராது. மற்ற முனை ஊஞ்சல் மாதிரி ஆடுகிற இரண்டு தகட்டில் தொங்கும். அது திரும்பவும் செய்யும், நகரவும் செய்யும். பின் சில்லு வண்டியைத் தள்ளுகிற விசையும், பிரேக் பிடிக்கிற விசையும் நகராத கண்ணின் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகின்றன. எனவே ஒரு முனை வண்டியை இழுக்கிறது, மறு முனை வில்லை மூச்சு விட வைக்கிறது. இரண்டும் தங்கள் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும்.

உப்பு எதைச் செய்கிறது? முதலில் சக்கிளைப் பிடிக்கிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் கிறீஸ் வற்றிய இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, கறள் கட்டி, இரண்டும் ஒன்றாகிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் இறுக்கமாக, நல்லதாகத்தான் தெரியும். ஆடாத சக்கிளைப் பார்த்து ‘ஆட்டம் இல்லை, நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் வில்லு நீள வழி இல்லை. நீள முடியாத தகடு கண்ணுக்கு அருகில் மடங்கி மடங்கி, ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். நகராத கண் பக்கம் முறிந்தால் அந்தப் பக்கத்துச் சில்லு பின்னே போகும். அச்சு கோணலாகும். சாரதி ஸ்டியரிங்கை நேரே பிடித்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மலையில் இதே வியாதி வேறு வழியாக வருகிறது. அங்கே உப்பு இல்லை, சேறு இருக்கிறது. தோட்டத்து வீதியில் குறுக்குக் கானைத் தாண்டும்போது ஒரு சில்லு மேலே, எதிர்ச் சில்லு கீழே. வில்லு நீளுவதோடு பக்கவாட்டிலும் முறுகுகிறது. சேறும் மணலும் புஷ்ஷை அரைத்துவிடும். அங்கே கண் அகன்று, பின் ‘டொக் டொக்’ என்று அடிக்கும். தீவகத்தில் பின் இறுகி முறிக்கிறது, மலையகத்தில் பின் தளர்ந்து முறிக்கிறது.

இனி மருந்தைப் பார்ப்போம். புஷ் இரண்டு வகை. ஒன்று வெண்கலப் புஷ். பின்னைக் கடினமாக்கிச் செய்வார்கள், புஷ்ஷை மென்மையாகச் செய்வார்கள். தேய வேண்டியது விலை குறைந்த புஷ், பின் அல்ல என்பதுதான் கணக்கு. இதற்குக் கிறீஸ் உயிர். நிப்பிளில் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போகக் கூடாது. பழைய கறுத்த கிறீஸ் வெளியேறி, புதியது ஓரத்தில் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். வண்டி தன் பாரத்தோடு நிற்கும்போது பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு அழுந்திக் கிடக்கும். அங்கேதான் தேய்மானம், அங்கேதான் கிறீஸ் போகாது. ஆகவே சேசிஸை ஜக்கில் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். கிறீஸ் வேலை செய்வது வழுக்குவதற்கு மட்டும் அல்ல, உப்புத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கும்தான்.

மற்றது இறப்பர் புஷ். இது வழுக்குவதில்லை. இறப்பர் தானே முறுகி, தானே திரும்பி வரும். இதற்குக் கிறீஸ் எதிரி. கனிம எண்ணெயும் கிறீஸும் பட்டால் இயற்கை இறப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். இன்னொன்று: இறப்பர் புஷ் போட்ட போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிடாதீர்கள். சில்லு நிலத்தில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நிற்கிற நிலையில்தான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் பிறந்த நாளிலிருந்தே முறுகியபடி இருந்து சீக்கிரம் கிழியும்.

இந்த இறப்பருக்கும் எங்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர் கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன. இன்றைக்கும் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்தில் எங்கள் சனம் விடியற்காலையில் பால் வெட்டுகிறது. அலுத்துப் போகாமல் ஆயிரம் ஆயிரம் தரம் முறுகித் திரும்புவதில் இயற்கை இறப்பர் கெட்டிக்காரன். பால் வெட்டுகிற கையும் புஷ் மாற்றுகிற கையும் ஒன்றையொன்று காண்பதில்லை. இன்று இந்த மண்டபத்தில் காண்கின்றன.

தீவகத்தாரிடம் நாங்கள் படிக்க வந்த பாடமும் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. காபரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் காரை ஓட்டினீர்கள். 1948இல் இங்கிலாந்தில் உற்பத்தி தொடங்கிய மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40உம் யாழ்ப்பாணத்து வீதிகளில் அவற்றைச் செய்தவர்களே வியக்கும் அளவுக்கு ஆயுளோடு ஓடின. அந்தக் கார்களின் பின்பக்கமும் வில்லுத்தகடுதான். கழற்றிப் பார், அளந்து பார், கடைந்து போடு என்ற பழக்கத்தால்தான் அவை உயிரோடு இருந்தன. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ ஒரு புஷ் போக வேண்டுமென்றால் இன்றைக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். ஆகவே முறிந்த பிறகு தேடாமல், முறியும் முன் பார்க்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது.

அந்தப் பழக்கத்தை ஐந்து நிமிடச் சோதனையாகச் சொல்கிறேன். சில்லுக்குக் கட்டை வையுங்கள். அலவாங்கை எடுத்துக் கண்ணுக்கும் பிரக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். வெண்கலப் புஷ்ஷில் சத்தத்தோடு தளர்ந்து ஆடினால் தேய்ந்துவிட்டது. அடுத்து, சக்கிள் தகட்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். வெறும் வண்டிக்கும் பாரம் ஏற்றிய வண்டிக்கும் கோட்டின் சாய்வு மாற வேண்டும். மாறாவிட்டால் சக்கிள் இறுகிவிட்டது. மூன்றாவது, இரண்டாம் தகட்டின் முனையைப் பாருங்கள். நல்ல லொறிகளில் அது முதல் தகட்டின் கண்ணைச் சுற்றி அரைவட்டமாக அணைத்திருக்கும். முதல் தகடு முறிந்தாலும் அச்சைக் கைவிடாமல் பிடிக்கிற இரண்டாவது கை அது. மலிவாகக் கிடைக்கிறது என்று அணைப்பு இல்லாத தகட்டைப் போட்டால் அந்தக் கையை வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். நான்காவது, முறிந்த கண்ணை வெல்டிங் வைக்காதீர்கள். வில்லு உருக்குக்குச் சூடேற்றி ஆற்றிப் பதம் கொடுத்திருக்கிறார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தை எடுத்துவிடும். ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும்.

இவ்வளவும் தெரிந்த சாரதிகள் எங்கள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். தெரியாததால் வில்லு முறிவதில்லை, கேட்காததால் முறிகிறது. பெயர் வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் முதல் தகடு முறிந்த லொறியைக் கட்டுக்கம்பி சுற்றி மூன்று வாரம் ஓட்டினார்கள். சாரதி அண்ணன் சொன்னார், திரும்பவும் சொன்னார். எல்லாம் வாய்ச் சொல். ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்பதே பதில். ஒரு வளைவில் வண்டி இழுத்துக் கானில் இறங்கியது. நல்ல காலம், கையும் காலும் முறிந்ததோடு போயிற்று. விசாரணையில் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘சாரதி எவ்வளவு வேகத்தில் வந்தார்?’ அவர் முறையிட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. முறைப்பாடு காற்றோடு போனது, குற்றம் அவர் தலையில் நின்றது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஆனால் அது வருடத்தில் ஒரு நாளைக்குரிய சோதனை. மற்ற 364 நாளும் சோதனை செய்வது யார்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் இருக்கிறது. அது அடிபட்ட பிறகு வருகிற சட்டம். அடிபடாமல் இருக்க நாங்களே செய்ய வேண்டியது நான்கு காரியம்.

ஒன்று, ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, சோதனை நேரமாக ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு, வண்டியில் ஒரு கொப்பி இருக்க வேண்டும். காபன் கடதாசி வைத்து எழுதி, ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத்துச் சிரமமான அண்ணன்மாருக்குத் தலைவர் எழுதிக் கொடுக்கட்டும். மூன்று, முறிந்த தகட்டோடு, ஒட்டுப் போட்ட கண்ணோடு நிற்கும் வண்டியில் ஒரு தொழிலாளியும் ஏறக் கூடாது. மாதர் சங்கம் இதை முன்னின்று செய்யலாம், ஏனென்றால் அந்தப் பெட்டியில் அதிகம் நிற்பவர்கள் அவர்கள்தான். நான்கு, தீவகத்துக் கராஜ்களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக இடம் கொடுங்கள். ஓ.எல். முடித்துவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போகிற பையனுக்கும் பிள்ளைக்கும் கையில் ஒரு தொழில் இருக்கட்டும்.

தோழர்களே, 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது, ஏழைத் தொழிலாளியும் பாதுகாப்பாகப் பயணம் செய்ய உரிமை உடையவன் என்பது இந்த நாட்டின் கொள்கையானது. அந்த உரிமை பஸ் தரிப்பிடத்தோடு முடிந்துவிடுவதில்லை. தேயிலை மலையில் லொறிப் பெட்டியில் ஏறுகிறவளுக்கும், நெடுந்தீவில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகிற கிழவிக்கும் அது உண்டு. ஒரு கிறீஸ் கண், ஒரு அலவாங்கு, ஒரு காபன் கொப்பி. இந்த மூன்றையும் வைத்து அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் முதல் மாதக் கொப்பியின் பிரதியை எமது காரியாலயத்துக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.