‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கற்பிப்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் ஏற்ற பதவிகளையும் இம்மேடையில் கூறி மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதே. ஆயினும், நாம் கற்பிக்கத் தவறிய பாடம் ஒன்று உண்டு. தன் உடல் தனக்கே உரியது. உறவினரேயாயினும் பிறர் நெருங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே அப்பாடம்.

நம் ஊரின் விடியலை நீங்கள் அறிவீர்கள். கதிரவன் எழுமுன்பே போடியிலிருந்து ஜீப்புகள் புறப்பட்டு, போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் நம் தாய்மார்களைக் கொண்டு செல்கின்றன. ஏலக்காய் எடுத்து அவர்கள் இல்லம் திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. அதுவரை பிள்ளைகள் பாட்டியின் பார்வையிலோ அண்டை வீட்டாரின் பொறுப்பிலோ இருக்கின்றனர். தாயைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. கூலிக்குச் செல்லாவிடில் அடுப்பு எரியாது.

பல ஆண்டுகளுக்கு முன், நம் மாலை வகுப்பில் பயின்ற சிறுமி ஒருத்தி, ஒரு வீட்டிற்குப் பால் வாங்கச் செல்ல மறுத்தாள். தாய் அடித்தாள். “பெரியவர் சொல் கேளாத பிள்ளை” என்று நானும் கண்டித்தேன். அவள் மறுத்ததன் காரணம் பல மாதங்கள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. அக்குழந்தைக்கு இழைக்கப்பட்ட தீங்குகள் இரண்டு. இரண்டாவதைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

இது ஒரு வீட்டின் கதையன்று. 2007-ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தது. அவர்களுள் நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்கிற்கு ஆளானதாகக் கூறினர். ஆண் பிள்ளைகளும் அதில் அடங்குவர். தீங்கிழைத்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்களே.

தோழர்களே! நம் முன்னோர் கைகட்டி நிற்கவும், எதிர்த்துப் பேசாதிருக்கவும் பிள்ளைகளைப் பழக்கினர். உயிர் பிழைக்க அன்று அதுவே வழியாயிருந்தது. அப்பணிவே இன்று நம் பிள்ளைகளைக் காப்பற்றவர்களாக்குகிறது. நம் கையால் தண்ணீர் வாங்க மறுத்தோர், நம் பெண்கள்மீது கைவைக்கத் தயங்கியதில்லை. ‘உன்னைத் தொட்டால் தீட்டு’ என்பது சாதியின் சொல். ‘என் விருப்பமின்றி என்னைத் தொடாதே’ என்பது மானத்தின் சொல். முன்னதை ஒழிப்போம், பின்னதைக் கற்பிப்போம். 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய நம் பெண்களிடம், இழிவின் அடையாளமாக விளங்கிய உடைமுறையைக் களையுமாறு அண்ணல் அம்பேத்கர் கூறினார். மானம் உடலிலிருந்தே தொடங்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்பாடத்திற்குக் கரும்பலகை வேண்டியதில்லை. ‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று வற்புறுத்தாதீர்கள். கைகூப்பி வணங்கினாலே போதும். முறை சொல்லிச் சிறுமியை ‘என்னைக் கட்டிக்கொள்கிறாயா?’ என்று கேலி செய்யும்போது, அவள் முகம் சுருங்குவதைக் கண்டும் நாம் சிரிக்கிறோம். அச்சிரிப்பை நிறுத்துவோம். உடலுறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்த துன்பத்தைக் குழந்தை எவ்வாறு சொல்லும்? ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எவர் கூறினாலும் அதை அன்றே சொல்லுமாறு பழக்குங்கள். சொன்னால் அடிக்காதீர்கள், நம்புங்கள். ஆண் பிள்ளைக்கு இன்னொன்றும் கற்பியுங்கள்: பிறர் ‘வேண்டாம்’ என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

ஆயினும் முழுச் சுமையையும் குழந்தையின் தலையில் ஏற்றுவது அறமன்று. 2021-இல், மலைக்கு அப்பால் வண்டிப்பெரியாற்றுத் தோட்டக் குடியிருப்பில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம், விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. ஆறு வயதுப் பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா? காவல் பெரியவர்களின் கடமை. ஜீப் புறப்பட்டதிலிருந்து திரும்பும் வரை, தெருவிற்கு ஒரு வீடேனும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கட்டும். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு இருவராக இருக்கட்டும். நம் கழகம் அடுத்த ஆண்டின் முதற்பணியாக இதை ஏற்க வேண்டுகிறேன்.

சட்டமும் துணை நிற்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது. குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தையின் வீட்டிலேயே வாக்குமூலம் பெறலாம். பெறும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. அதன் பெயரை வெளியிடலாகாது. 1098 என்னும் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள். ‘குடும்ப மானம் போய்விடும்’ என்று மூடி மறைப்போர் நம்மிலும் உளர். மானம் இழப்பவன் தீங்கிழைத்தவனே, குழந்தையன்று.

அன்று நான் கண்டித்த சிறுமி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ‘வேண்டாம்’ என்றாள். அச்சொல்லைக் கேட்கும் செவி எனக்கு அன்று இல்லை. இனி ஒரு பிள்ளைக்கும் அந்நிலை நேராதிருக்கட்டும்.