புல்லட் வண்டியின் பாயிண்ட்



இன்றைய பேச்சு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அதன் பெயர் புல்லட். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை. அங்கே செய்த புல்லட் வண்டிகள் இந்தியா முழுவதும் போயின. ராணுவத்தில் ஓடின. போலீஸில் ஓடின. பஞ்சாபில் பால் சுமந்தும் ஓடின.

பஞ்சாப் கிராமத்துப் பால்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் இரண்டு பக்கமும் பெரிய பால் கேன்கள். விடியும் முன்பே பாலைக் கறந்து ஊற்றியாகிவிட்டது. மார்கழி மாதம். எதிரே இருப்பவர் தெரியாத மூடுபனி. பால்காரர் வண்டியை உதைக்கிறார். பத்து உதை, இருபது உதை. வண்டி கிளம்பவில்லை.

டீக்கடைக்காரர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? பாக்கெட் பால் வாங்கிவிடுவார். ஒரு நாள் என்றால் பொறுப்பார். வாரம் ஒரு நாள் இப்படி ஆனால் வாடிக்கை போய்விடும்.

பால்காரர் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறார். அங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள்.

"மிஸ்திரிஜி, போன வாரம்தானே பாயிண்ட்டைத் தேய்த்துக் கொடுத்தீர்கள்? மறுபடியும் நின்றுவிட்டதே!"

"பாயிண்ட் என்றால் தேயத்தான் செய்யும், வீர்ஜி. எலக்ட்ரானிக் செட் மாட்டலாமா?"

வீர்ஜி என்றால் அண்ணா என்று பொருள்.

"மாட்டினால் இனிமேல் வண்டி நிற்கவே நிற்காதா?"

மிஸ்திரி சிரித்தார். "அப்படி யார் சொன்னது? முதலில் பார்க்கலாம்."

நல்ல மிஸ்திரி. எதையும் பார்க்காமலே புதுச் சாமானை விற்கிறவர்களும் உண்டு.

பாயிண்ட் என்பது என்ன? அது ஒரு சின்ன சுவிட்ச். இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும். அவை தொடும்போது பாட்டரியின் மின்சாரம் காயிலுக்குள் ஓடும். சுற்றும் தண்டில் ஒரு மேடு இருக்கும். அந்த மேடு பொட்டுகளைப் பிரிக்கும். மின்சாரம் சட்டென்று நிற்கும். அந்த நொடியில் காயிலில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் பிறக்கும். அது பிளக்கில் பொறியாகப் பாயும். பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். புல்லட்டின் பாயிண்ட் அதற்கு 1500 முறை திறக்கும், 1500 முறை மூடும். ஒரு மணி நேரத்துக்கு 90,000 முறை. தேயாமல் என்ன செய்யும்?

இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். இன்ஜின் சூடாகும், இழுவை குறையும். இடைவெளி கூடினால் பொறி முந்திக்கொள்ளும். அப்போது கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியவர்களைக் கேட்டால் தெரியும்.

மிஸ்திரி பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினார். கிக்கரை மெதுவாக அழுத்தினார். பொட்டுகள் பிரியும்போது நடுவே பெரிய தீப்பொறி தெரிந்தது. அது கண்டென்சர் கெட்டதன் அடையாளம். விரல் நீளம்கூட இல்லாத சாமான் அது. விலையும் குறைவு. அதை மாற்றினார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

பால்காரர் காசை எடுத்தார். மிஸ்திரி வாங்கவில்லை. வண்டியை நிறுத்தினார். பாயிண்ட் தண்டை விரலால் பிடித்து அசைத்தார். தண்டு ஆடியது.

"இதைப் பாருங்கள், வீர்ஜி. புஷ் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி மாறும். நான் எத்தனை முறை சரி செய்தாலும் நிற்காது. உங்களுக்கு எலக்ட்ரானிக் செட் உதவும்."

எலக்ட்ரானிக் முறையில் பொட்டுகள் கிடையாது. சுற்றும் தண்டில் ஒரு சிறு காந்தம் இருக்கும். பக்கத்தில் அதை உணரும் கருவி ஒன்று இருக்கும். காந்தம் அருகே வந்து போகும். ஆனால் கருவியைத் தொடாது. காந்தம் வந்ததும் கருவி சைகை கொடுக்கும். டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை நிறுத்தும். உரசல் இல்லை, கருகல் இல்லை. தண்டு சிறிது ஆடினாலும் பாயிண்ட் அளவுக்குத் தொல்லை வராது. காயில், பிளக் எல்லாம் முன்பு போலவே இருக்கும்.

ஆனால் இதிலும் கவனம் வேண்டும். பழைய புல்லட்டுகளில் 6 வோல்ட்டும் உண்டு, 12 வோல்ட்டும் உண்டு. வண்டிக்கு ஏற்ற செட்டையே வாங்க வேண்டும். பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிக் கொடுத்தால் செட் ஒரே நொடியில் கருகிவிடலாம். மிகப் பழைய சில வண்டிகளில் பாட்டரியின் பிளஸ் பக்கம் எர்த்தாக இருக்கும். அதையும் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு பொறி வரும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுச் செட்டிலும் கிக்கர் திருப்பி அடிக்கும்.

பாட்டரியும் நன்றாக இருக்க வேண்டும். பாட்டரி மிகவும் தளர்ந்தால் எலக்ட்ரானிக் செட் வேலையை நிறுத்திவிடும். பாயிண்ட் அந்த நிலையிலும் எப்படியோ ஒரு பொறி தரும். பாயிண்ட்டுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. நடுவழியில் நின்றால் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் செட் கெட்டால் சாலையோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

பால்காரரின் பாட்டரி பழையது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இரண்டையும் இப்போதே வாங்கப் பணம் இல்லை, மிஸ்திரிஜி."

"அப்படியானால் முதலில் பாட்டரி. பால் காசு வந்ததும் செட் வாங்கலாம்."

அப்படியே செய்தார்கள். அடுத்த மாதம் செட்டை மாட்ட அரை நாள் ஆனது. பாதி நேரம் டைமிங் வைப்பதற்கே போனது. கழற்றிய பாயிண்ட்டையும் புதுக் கண்டென்சரையும் மிஸ்திரி ஒரு துணியில் சுற்றினார். கூடவே ஒரு துண்டு உப்புத்தாளையும் வைத்து, வண்டியின் டூல் பெட்டிக்குள் போட்டு மூடினார்.