ஒரு பெயர், பல மன்றங்கள்



லெம்மி என்னும் சமூக வலையமைப்பிலே 'தொழில்நுட்பம்' என்ற பெயரைத் தேடுவோமாயின், ஒன்றல்ல, பல மன்றங்கள் நம் முன் தோன்றும். ஒன்று லெம்மி.வேர்ல்ட் என்னும் வழங்கிக் கணினியில் உள்ளது. மற்றொன்று பீஹோ என்னும் வழங்கியில் உள்ளது. ஒன்றின் நகலே மற்றொன்று என மயங்குவோர் பலர். அவ்வாறன்று. பெயர் ஒன்றேயாயினும் நிருவாகம் வேறு, விதி வேறு. பெயரை அடுத்து நிற்கும் வழங்கியின் பெயரையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

மன்றம் தன் சொந்த வழங்கியிலேயே வாழ்கின்றது. பிற வழங்கிகளில் நாம் காண்பது அதன் பிரதியே. இதன் பொருள் 2023 யூனிலே பலருக்கு விளங்கிற்று. றெடிற் நிறுவனம் விதித்த கட்டணத்தை வெறுத்தோர் லெம்மிக்குத் திரண்டு வந்தனர். வெள்ளத்தைக் கண்காணிக்க ஆளில்லாத பீஹோ, லெம்மி.வேர்ல்ட் உட்பட இரு வழங்கிகளுடன் தொடர்பை அறுத்தது. அதன் பின்னரும் லெம்மி.வேர்ல்ட்டில் இருந்தோர் தம்மிடமிருந்த பிரதியிலே எழுத முடிந்தது. எழுதியதோ பீஹோவைச் சென்றடையவில்லை. கேட்போர் உளர் என்றெண்ணி வெறும் மண்டபத்தில் முழங்கிய நிலை!

ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக்குக என்பாருளர். அதனை நாம் ஏற்கோம். ஒரே செய்தியை மூன்றிடத்தில் படிப்பது தொல்லையே. ஆயினும் ஒரு வழங்கி மூடப்படுமாயின் அங்குள்ள மன்றமும் அதனோடு போம். அன்று செல்ல இன்னோரிடம் வேண்டாமா? சேருமுன், அவ்வழங்கி எவற்றோடு தொடர்பறுத்துள்ளது எனப் பாருங்கள். பெரும்பாலும் வழங்கியே அப்பட்டியலை வெளியிட்டிருக்கும்.