ஒரு கரண்டித் தேனின் கணக்கு

நீரிழிவு நோயாளர் உள்ள இல்லங்களில் வெள்ளைச் சர்க்கரை அடுக்களையை விட்டு நீங்கியபின் அந்த இடத்திற்குப் பெரும்பாலும் வந்து சேர்வது தேன் புட்டி. இயற்கையில் கிடைக்கும் பொருளாதலால் தேன் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம்; ஆயினும் தேன் உருவாகும் விதத்தை அறிந்தவர்க்கு அந்த நம்பிக்கை நிலைப்பது கடினம்.

பூக்களிலிருந்து தேனீ உறிஞ்சும் இனிய நீரில், கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ் பெருமளவில் உண்டு. தேனீயின் சுரப்பிகளில் ஊறும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி, அதாவது வேதிமாற்றத்தைத் தூண்டும் புரதம், அந்தச் சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிளந்துவிடுவதால், மனிதக் குடல் செய்யவேண்டிய செரிமான வேலையைத் தேனீயே முடித்துத் தருகிறது எனலாம். 100 கிராம் தேனில் ஏறத்தாழ 38 கிராம் ஃபிரக்டோஸும் 31 கிராம் குளுக்கோஸும் 17 கிராம் நீரும் இருக்கும். குளிர்நாளில் புட்டியின் அடியில் வெண்மணலாய் உறைந்து கிடப்பது, பலர் ஐயுறுவதுபோலக் கலப்படச் சர்க்கரையாகவே இருக்கவேண்டியதில்லை, தேனுக்கே உரிய குளுக்கோஸும் அவ்வாறு உறையும்.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எந்த அளவு ஏற்றுகிறது என்பதைத் தூய குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிடும் அளவு கிளைசீமிக் குறியீடு எனப்படும். டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட இவ்வளவின்படி சர்க்கரை 65ஐ ஒட்டியும், தேன் பூவின் வகைக்கேற்பச் சற்று ஏறியிறங்கிச் சராசரியாக 60ஐ ஒட்டியும் நிற்கின்றன. தேனில் குளுக்கோஸைவிட மிகுந்துள்ள ஃபிரக்டோஸ் முதலில் கல்லீரலுக்குச் செல்வதே இச்சிறு வேறுபாட்டிற்குக் காரணம். அங்கும் அது மிகுந்தால் கொழுப்பாக மாறும். இந்த ஐந்து புள்ளி ஆதாயத்தையும் கரண்டி பறித்துவிடுகிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை 4 கிராம். அதே கரண்டியில் எடுக்கும் தேனோ 7 கிராம் எடையும் அதில் சுமார் 6 கிராம் சர்க்கரையும் கொண்டது. விடியலில் எலுமிச்சைச் சாற்றுடன் வெந்நீரில் இரண்டு கரண்டி தேன் கலந்து பருகுவோர் 12 கிராம் சர்க்கரையை வெறும் வயிற்றில் ஏற்றுகின்றனர்.

ஈரானில் நீரிழிவு நோயாளர் 48 பேரிடம் எட்டு வாரம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வில், தேன் உண்டவர்களின் உடல் எடையும் இரத்தக் கொழுப்பும் குறைந்தபோதிலும், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி உயர்ந்தது. முதல் இரு பயன்களை மட்டும் எடுத்துக் கூறி மூன்றாவதை விட்டுவிடுவது விளம்பரத்திற்குப் பொருந்துமேயன்றி மருத்துவத்திற்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனமும் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், குறைக்கவேண்டிய சர்க்கரைகளின் வரிசையிலேயே தேனையும் சேர்த்துள்ளது. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணும் வழக்கம் இதற்கு மறுப்பாகாது. அங்கே தேன் மருந்தை உட்செலுத்தும் அனுபானம், அதன் அளவும் சிறிது.

விரைந்து இரத்தத்தில் சேரும் அதே இயல்பு, தாழ்சர்க்கரை நேரும்போது உயிர்காக்கும். இன்சுலினோ மாத்திரையோ மிகுந்து இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் கண்டால், ஒரு மேசைக்கரண்டித் தேனை உண்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் தேனையோ வேறெதையோ ஊற்றலாகாது; அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக்கூடும் ஆதலால், அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.