கல்லும் காணியும்

(கீழ்பென்னாத்தூரில் கொடி நாளையொட்டி ஆற்றிய உரை)



இந்த ஊருக்குக் கிழக்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. மேற்கே அண்ணாமலையைக் கடந்தால் செங்கம். கோட்டையைக் காட்டிக் கதை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. செங்கத்துச் சீமையில், காட்டிலும் மேட்டிலும் நிற்கும் கற்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. கோட்டை, மன்னன் கட்டியது. நடுகல், ஊரார் நட்டது. ஊரார் நட்டதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்து நின்று மாண்டவனுக்கு, நம் முன்னோர் கல் எடுத்து, உருவம் வெட்டி, பெயர் பொறித்து, படையலிட்டனர். தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதிலே வீரனின் உருவம் இருக்கிறது. அவனருகே நாயின் உருவமும் இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பெயர் அழியவில்லை. நாயின் நன்றியைக்கூட மறவாத நாடு, தோழர்களே, இந்த நாடு!

கல் நட்டதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பவில்லை. மாண்டவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆகவே அவன் குடும்பத்துக்கு நிலம் வழங்கினர். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் கூறும். உதிரம் சிந்தியவனுக்காக ஊர் தந்த காணி. கல் அவன் பெயரைக் காத்தது. காணி அவன் பிள்ளையைக் காத்தது.

இன்றைய நிலை என்ன? கல் நடக் கற்றிருக்கிறோம். தலைநகர் டில்லியில் 2019-இல் தேசியப் போர் நினைவகம் எழுந்தது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. வேண்டியதுதான், வணங்குவோம். காணி எங்கே என்பதே என் கேள்வி.

அந்தக் காணிக்கு இக்காலம் கண்ட வடிவங்களில் ஒன்றுதான் கொடி நாள். 1949-ஆம் ஆண்டு, பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் தலைமையில் அமைந்த குழு, திசம்பர் 7-ஐக் கொடி நாளாக வகுத்தது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறம். தரைப்படை, கடற்படை, வான்படை என மூன்று படை. சட்டையில் குத்தும் சிறு கொடிக்கு நாம் தரும் காசு, போரில் கணவனை இழந்தவளுக்கும், கை கால் இழந்தவனுக்கும், முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய காசு. புனேக்கு அருகே கிர்க்கியில், முதுகுத்தண்டு முறிந்து எழ முடியாத வீரர்களுக்கென 1974 முதல் ஒரு மறுவாழ்வு மையம் நடக்கிறது. அதற்கும் இந்த நிதி கைகொடுக்கிறது.

அரசு மட்டும்தானா செய்ய வேண்டும்? 2007-இல் காசுமீரத்து எல்லையில் கர்னல் வசந்த் வேணுகோபால் உயிர் ஈந்தார். அசோகச் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் துணைவியார் சுபாஷிணி, நடனக் கலைஞர். விருதை வாங்கி மாட்டிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. பெங்களூரில் வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கி, தம்மைப் போலவே துணையை இழந்த பெண்களுக்குத் தோள் கொடுத்தார். துயரத்தைத் தொண்டாக்கிய தூயவர்!

நாம் என்ன செய்கிறோம்? அலுவலகத்துக்கு இலக்கு, ஊழியருக்குப் பங்கு, இரசீதோடு ஒரு கொடி. வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார். ‘நன்கொடை’ என்கிறார். நன்கொடையா அது? கடன், தோழர்களே, பட்ட கடன்! எல்லையில் ஒருவன் பனியில் நின்றான். இங்கே நாம் போர்வைக்குள் உறங்கினோம். அந்தக் கணக்கின் வட்டிகூட அல்ல அந்தச் சிறு காசு.

காசு சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? உதவி திருவண்ணாமலை அலுவலகத்தில் இருக்கும். உரியவள் சிற்றூரில் களை பறித்துக்கொண்டிருப்பாள். படை ஆவணத்தில் அவள் பெயர் ஒருவிதம், குடும்ப அட்டையில் வேறுவிதம். எழுத்து ஒன்று பிறழ்ந்ததால் ஏழையின் வாழ்வே பிறழ்ந்துவிடும்! இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் இந்தியர் படையில் இருந்தனர். போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி ஊர் திரும்பினர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டமோ, நான்கு ஆண்டு பணி, பின்னர் நால்வரில் ஒருவருக்கே தொடர்ச்சி, வெளியேறுவோருக்கு ஓய்வூதியம் இல்லை என்று வகுத்தது. அன்று தாத்தா வெறுங்கையோடு வந்தார். நாளை பேரன் கையில் ஒரு தொகை இருக்கும். வாழ்நாள் முழுதும் வரும் வருவாய் இராது.

ஆகவே உங்களை ஒன்று கேட்கிறேன். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். உங்கள் கிளையின் எல்லைக்குள் முன்னாள் படைவீரர் எத்தனை பேர், அவர்தம் கைம்பெண்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று எண்ணுங்கள். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், மனு எழுதத் தெரிந்த ஒரு தோழர், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் செல்லட்டும். பெயர்ப் பிழை திருத்தும் வரை உடன் நிற்கட்டும். வாழ்க என்று முழங்கும் வாய்க்கு, வாழ வைக்கும் கை துணை நிற்கட்டும்.

கல் நட்ட மரபினர் நாம். காணி தந்த மரபினரும் நாமே. முன்னதை நினைவில் வைத்தோம், பின்னதை மறந்தோம். மறந்ததை மீட்போம், வாரீர்!